'திரியோம்ஃப்' நாவலைக் கபரே ஆக்கினால் நாய் ஊளையை யார் போடுவது?

மேசைமலை

'நாவல்கள் மேடையேறும்போது' இழையில் அரங்கச்செல்வி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அங்கே அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள், அதனால் இங்கே தனியாக எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் போடும் கபரேயைப் பற்றி, அதாவது சின்ன அரங்கில் பாட்டும் பேச்சும் கலந்து நடத்தும் நிகழ்ச்சியைப் பற்றி, அவர் சொன்னது இதுதான்: "ஆப்பிரிக்கான்ஸ் கபரே என்பது ஒரு பியானோ, நாலு பாட்டு, கொஞ்சம் அரசியல் நக்கல். அதற்குள் நாவலைத் திணிப்பது சோம்பேறிகளின் வேலை." அதோடு நிறுத்தியிருக்கலாம். மார்லீன் ஃபான் நீகெர்க்கின் 'திரியோம்ஃப்' நாவலைக் கபரே ஆக்கினால் நாய்களின் ஊளையைப் பியானோதான் வாசிக்க வேண்டும் என்று நான் முன்பு எழுதியதைத் தோண்டி எடுத்து, "நாயைக்கூட வாத்தியத்தில் தட்டிவிட்டுப் போகிற கூட்டம்" என்றும் ஒரு வரி.

நாவலைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜோஹன்னஸ்பர்க்கில் சோஃபியாடவுன் என்று ஒரு பகுதி. கறுப்பின மக்கள் சொந்தமாக வீடும் மனையும் வைத்திருந்த இடம். 1955 பிப்ரவரியில் போலீஸும் லாரிகளும் வந்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தன. வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டு, அதே மண்ணில் ஏழை வெள்ளையருக்கு வீடு கட்டி, 'வெற்றி' என்று பெயரும் வைத்தார்கள். அதுதான் திரியோம்ஃப். அங்கே மார்த்தா தெருவில் பெனாடே குடும்பம் வசிக்கிறது: மோல், அவள் சகோதரர்கள் பாப், ட்ரெப்பி, மகன் லாம்பர்ட். எல்லா இனத்தவரும் முதல் தடவையாக ஓட்டுப் போட்ட 1994 ஏப்ரல் தேர்தலுக்கு முந்தைய மாதங்கள். லாம்பர்ட் கொல்லையில் குழி தோண்டத் தோண்ட, இடிந்த சோஃபியாடவுனின் செங்கல்லும் கண்ணாடியும் மேலே வருகின்றன. துரத்தப்பட்டவர்கள் நாய்களை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. இந்த வீட்டில் வளரும் கெர்ட்டி அப்படி விடப்பட்ட ஒரு நாயின் வழிவந்தது.

ஆக, அந்த நாய்களின் ஊளைதான் இந்த நாவலின் அடித்தளம். அதனால்தான் அதை நடிகர் கையில் கொடுக்கக் கூடாது என்கிறேன். நடிகர் ஊளையிட்டால் பார்வையாளர் என்ன பார்ப்பார்? ஒரு மனிதர் நாய் மாதிரி கத்துவதை. நன்றாகக் கத்தினால் கைதட்டுவார், சுமாராகக் கத்தினால் சிரிப்பார். இரண்டிலும் நாய் காணாமல் போய்விடும். ட்ரெப்பி முன்னால் நின்று ஜோக் அடித்துக்கொண்டிருக்கும்போது பியானோவின் இடது கை கீழ்ச் சுரத்தில் இழுத்தால், அது என்ன சத்தம் என்று முதலில் ஒருவருக்கும் தெரியாது. மூன்றாவது பாட்டில் தெரியும். தெரிந்த பிறகு எந்த ஜோக்குக்கும் சிரிக்க முடியாது.

இதை யோசித்துக் கண்டுபிடிக்க எத்தனை நாளாகும் என்று சோம்பேறி என்று சொன்னவர் சொல்லட்டும்.

அரங்கச்செல்வி

என் பெயரைப் போட்டே இழை ஆரம்பித்துவிட்டீர்கள். சந்தோஷம்.

நான் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். நானூறு பக்கத்துக்கு மேல் ஓடுகிற நாவல் அது. அதை ஒரு மணி நேரக் கபரேயில் போட்டால் மிஞ்சுவது தேர்தல் கிண்டலும் கெட்ட வார்த்தையும்தான். மோல் என்ற பெண்ணை அந்த வீட்டில் சகோதரர்களும் மகனும் படுத்துகிற பாட்டை எந்த ராகத்தில் பாடுவீர்கள்?

ஊளைக்கு வருகிறேன். அது தொண்டையிலிருந்துதான் வர வேண்டும். மோல் வேடம் போடும் நடிகையின் தொண்டையிலிருந்து. காரணம் எளிது. அந்த நாய்கள் துரத்தப்பட்டவர்களின் நாய்கள். அந்த வீட்டின் மேல் உட்கார்ந்திருக்கிற வெள்ளைக் குடும்பத்தின் உடம்புக்குள் அந்தச் சத்தம் புகுந்துவிட்டது. உடம்பில் புகுந்ததை உடம்புதான் காட்ட முடியும். பியானோ என்ன செய்யும்? அது பெரிய மனிதர் வீட்டுக் கூடத்து மரச்சாமான். அதில் ஊளையை வாசிப்பது அந்தத் துக்கத்துக்குப் பாலிஷ் போடுகிற வேலை.

"நடிகர் கத்தினால் சிரிப்பார்கள்" என்கிறீர்கள். எந்த நடிகரைப் பார்த்துப் பழகியிருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. போன வருடம் என் குழுவின் நாடகத்தைப் பார்க்காமலே "கத்தல் அதிகம்" என்று இங்கே எழுதினீர்கள். அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வரிப்பூனை

இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்கிறீர்கள். இந்த நாவலை மேடையில் போடவே கூடாது.

'திரியோம்ஃப்' ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒருவரின் மனதுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மோல் பார்க்கும் வீடு வேறு, ட்ரெப்பி பார்க்கும் வீடு வேறு. முதல் பக்கத்தில் மோல் வீட்டுக்குப் பின்னால் நின்று லாம்பர்ட் தோண்டுவதைப் பார்க்கிறாள். நாய்களைப் பற்றிய நினைவு அவள் தலைக்குள் ஓடுகிறது. தலைக்குள்! மேடையில் தலைக்குள் போக வழி கிடையாது. பியானோ வாசித்தால் அது ஊருக்கே கேட்கும், தொண்டை கத்தினாலும் ஊருக்கே கேட்கும். வாசகர் காதுக்குள் மட்டும் கேட்க வேண்டியதை ஊரைக் கூட்டிக் காட்டுகிறீர்கள்.

2008-இல் மைக்கேல் ரேபர்ன் படமாக எடுத்தாரே, அதில் கேமரா இருந்தும் அந்த 'உள்ளே' வரவில்லை என்பது என் கருத்து. உங்கள் கபரேயில் கேமராவும் இல்லை.

மேசைமலை

வரிசையாக வருகிறேன்.

வரிப்பூனை: மேடையில் தலைக்குள் போக முடியாதா? கபரேயின் முழு பலமே அதுதான். அதில் மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவில் 'நான்காவது சுவர்' கிடையாது. ஆள் முன்னால் வந்து நின்று உங்கள் கண்ணைப் பார்த்துத் தன் மனதில் ஓடுவதைப் பாடுகிறார். அடுத்த நிமிடம் வேறு ஆளாக மாறி அதையே மறுக்கிறார். அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆள் மாறுகிற நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவத்தைக் காட்டுங்கள்.

அரங்கச்செல்வி: 'நாலு பாட்டு, கொஞ்சம் நக்கல்' என்று ஒரு மரபையே ஒரு வரியில் தள்ளுகிறீர்கள். ஆப்பிரிக்கான்ஸில் இலக்கியக் கபரேயை வளர்த்தவர் ஹென்னி ஓகாம்ப். சிறுகதைக்காரர். 1980-இல் 'மெட் பெர்மிசி கசே' என்ற கபரேயை எழுதினார். அப்புறம் 'ஸ்லெக்ஸ் ஃபிர் அல்மால்', அதாவது 'எல்லோருக்கும் மட்டும்'. 'வெள்ளையருக்கு மட்டும்' என்ற பலகை தொங்கிய நாட்டில் அப்படித் தலைப்பு வைத்தார். 1988-இல் 'பீக்னீக் பை டிங்கான்' வந்தது. டிங்கான் என்பவர் 1838-இல் வெள்ளைக் குடியேறிகளின் தலைவர் பீட் ரெட்டீஃபையும் அவருடைய ஆட்களையும் கொல்லச் சொன்ன ஜூலு அரசர். அந்த ரத்தத்துக்குப் பழிவாங்கிய வெற்றியைப் புனித நாளாகக் கொண்டாடி வந்த சமூகத்தின் பிள்ளைகள் அதை மேடையில் பிக்னிக் ஆக்கினார்கள். தங்கள் வீட்டுச் சாமி அறைக்குள் கை வைத்தவர்கள் இவர்கள். 'கொஞ்சம் நக்கல்' என்று சொல்ல வாய் எப்படி வந்தது?

அதுவும் எந்தக் காலத்தில்? ஆந்த்ரே பிரிங்க்கின் நாவலை 1974-இல் தடை செய்தார்கள், எதீன் லெரூவின் 'மாகர்ஸ்ஃபொன்டெய்ன்' நாவலை 1977-இல் தடை செய்தார்கள். அச்சில் வந்ததைப் பறிமுதல் செய்யலாம். இன்று ராத்திரி ஒரு சின்ன அரங்கில் பாடிவிட்டு நாளைக்கு இரண்டு வரியை மாற்றிக்கொள்கிறவரை என்ன செய்வது? அதனால் கபரே பிழைத்தது.

இப்போது பியானோ. பெரிய மனிதர் வீட்டு மரச்சாமான் என்றீர்கள். ஜோஹன்னஸ்பர்க் சேரிகளில் திருட்டுச் சாராயம் விற்ற வீடுகளில் 1920-களிலும் 30-களிலும் மராபி என்ற இசை பிறந்தது. எதில் வாசித்தார்கள்? பழைய பியானோவிலும் மிதிப் பெட்டி ஆர்கனிலும். ஒரே சுழற்சியை விடிய விடிய வாசிப்பார்கள். சோஃபியாடவுனில் பிறகு வளர்ந்த ஜாஸுக்கு அதுதான் தாய். ஆக, பியானோ துரத்தப்பட்டவர்களின் வாத்தியம். நாய் ஊளை மராபிச் சுழற்சியாகப் பியானோவில் வந்தால், அந்த வீட்டின் அடியில் புதைந்தவர்களே வாசிப்பதாக ஆகும். உங்கள் வெள்ளை நடிகையின் தொண்டையில் அது வராது. வரவே வராது.

திருச்சி_டர்பன்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் எல்லோரும் ஆப்பிரிக்கான்ஸ் ஆப்பிரிக்கான்ஸ் என்று உருகுவதைப் பார்த்தால் கோபம் வருகிறது.

என் மனைவி டர்பனில் பிறந்தவள். இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த பள்ளியில் படித்தவள். ஆப்பிரிக்கான்ஸ் கட்டாயப் பாடம். அந்த மொழியைக் கேட்டால் இன்றும் அவளுக்கு நினைவுக்கு வருவது போலீஸும் அரசாங்கப் படிவமும்தான். 1976 ஜூன் 16 அன்று சொவேட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் எதற்காகத் தெருவுக்கு வந்தார்கள்? அந்த மொழியில் பாடம் நடத்தாதே என்று. சுட்டுக் கொன்றார்கள். அந்த மொழியில் கபரே போட்டால் என்ன, கதாகாலட்சேபம் நடத்தினால் என்ன? நாய் யார் குரலில் ஊளையிட்டால் என்ன?

மேசைமலை

திருச்சி_டர்பன், உங்கள் மனைவியின் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மொழியைப் போலீஸுக்குத் தாரை வார்க்காதீர்கள்.

இன்று ஆப்பிரிக்கான்ஸைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களில் வெள்ளையர் சிறுபான்மை. கேப் டவுனைச் சுற்றிய கேப் பகுதியில் அந்த மொழி உருவானதில் அடிமைகளின் நாக்குக்குப் பெரிய பங்கு உண்டு. டச்சுக் கம்பெனி அடிமைகளை எங்கிருந்தெல்லாம் கொண்டு வந்தது? இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர், வங்காளம், மலபார், நம் சோழமண்டலக் கரை. 19-ஆம் நூற்றாண்டில் கேப் முஸ்லிம்கள் அதை அரபு எழுத்தில் எழுதினார்கள். ஆடம் ஸ்மால் 1965-இல் 'கன்னா ஹை கோ ஹெய்ஸ்டூ' நாடகத்தைக் கேப் ஏழைகளின் பேச்சிலேயே எழுதினார். அவருக்கு ஆப்பிரிக்கான்ஸ் இலக்கியத்தின் பெரிய விருதான ஹெர்ட்சாக் பரிசு கொடுக்க 2012 வரை ஆயிற்று. அந்தக் கோபம் எனக்கும் உண்டு.

'திரியோம்ஃப்' அந்த மொழியை வைத்துச் செய்வதும் இதுதான். அரசாங்கம் இஸ்திரி போட்டு வைத்திருந்த ஆப்பிரிக்கான்ஸை எடுத்துக் குப்பைமேட்டில் புரட்டுகிறது. ஆங்கிலமும் வசவும் கலந்து பேசுகிறார்கள் பெனாடேக்கள். அதை ஆப்பிரிக்கான்ஸிலேயே மேடையில் கேட்க வேண்டும். அவுட்ஸ்ஹூர்ன் என்ற ஊரில் 1995 முதல் ஆப்பிரிக்கான்ஸ் கலைவிழா நடக்கிறது. அங்கே கூடுகிற கூட்டத்துக்கு முன்னால் வைத்து இதைப் போட வேண்டும். அவர்கள் காதில்தான் அந்த ஊளை விழ வேண்டும், பியானோவிலிருந்து.

அரங்கச்செல்வி

பார்த்தீர்களா, எங்கே போனாலும் பியானோவில் வந்துதான் முடிப்பார்.

மராபி பற்றி வகுப்பு எடுத்ததற்கு நன்றி. மராபி பிறந்தது டோர்ன்ஃபொன்டெய்ன் மாதிரியான சேரி முற்றங்களில். சோஃபியாடவுன் இடிபட்ட 1955-இல் அங்கே கேட்டது சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும் பாட்டும். கிப்பி முகெட்சி சாக்ஸபோன்காரர். ஹ்யூ மஸெகெலாவுக்குப் பாதிரியார் ஹடில்ஸ்டன் வாங்கிக் கொடுத்தது ட்ரம்பெட். டாலி ராதெபே பாடகி. மூச்சு, மூச்சு, தொண்டை. எல்லாம் உடம்பிலிருந்து வருகிறது. நீங்களே எனக்குச் சாட்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டீர்கள்.

இன்னொன்று. "உங்கள் வெள்ளை நடிகை" என்றீர்களே, மோல் வேடத்தை வெள்ளை நடிகைதான் செய்ய வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன்? கபரேயில் யாரும் யாராகவும் மாறலாம் என்று நீங்களே சொன்னீர்கள். கேப் டவுனுக்கு வெளியே துரத்தப்பட்டவர்களைக் குடியேற்றிய கேப் ஃப்ளாட்ஸிலிருந்து வந்த ஒரு நடிகை மோலாக நிற்கட்டும். அவள் குடும்பமே ஒரு தலைமுறைக்கு முன்னால் கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸிலிருந்து துரத்தப்பட்டதாக இருக்கலாம். அவள் வாயிலிருந்து அந்த ஊளை வந்தால் உங்கள் பியானோவை மூடிவைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

இதற்குப் பதில் சொல்லுங்கள். சோழமண்டலக் கரைக்கெல்லாம் போக வேண்டாம்.

ஒலிக்கூடம்_கோவை

நான் நாடகங்களுக்கு ஒலி அமைப்பவன். உங்கள் சண்டையில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. நாயின் ஊளையை நாயே போடலாம். பதிவு செய்து, பார்வையாளருக்குப் பின்னால், வெளிவாசல் பக்கம் ஒரு ஸ்பீக்கர் வைத்து மெதுவாக விட்டால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நிஜமாகவே வெளியே நாய் ஊளையிடுகிறது என்று நினைப்பார்கள். ஒன்று ஆரம்பித்தால் நாலு தெரு தள்ளி இன்னொன்று சேர்ந்துகொள்ளும். அந்தத் தூர வித்தியாசத்தைப் பியானோவும் தராது, தொண்டையும் தராது.

எந்த நடிகரும் களைப்படைய வேண்டியதில்லை. எல்லா நாளும் ஒரே மாதிரி வரும்.

மேசைமலை

"எல்லா நாளும் ஒரே மாதிரி வரும்." இதைக் கபரே பேசுகிற இடத்தில் சொல்ல உங்களுக்குத் தயக்கமே இல்லையா?

கபரே என்பது அன்றைக்கு அந்த அறையில் நடப்பது. பீட்டர்-டிர்க் ஏய்ஸ் எவிட்டா பெசுய்டென்ஹௌட் என்ற அம்மாளாக வேடம் கட்டி நாற்பது வருடத்துக்கு மேலாக மேடையில் நிற்கிறார். டார்லிங் என்ற சின்ன ஊரின் பழைய ரயில் நிலையத்தையே அரங்கமாக்கியிருக்கிறார். அன்றைய செய்தி அன்றைய மேடையில். அந்த மரபில் பதிவு செய்த நாயை ஓட விடுவதா? ஸ்பீக்கர் வைத்துவிட்டால் பியானோக்காரர் எதற்கு, நடிகர் எதற்கு, எல்லாவற்றையும் பதிவு செய்து ஓட விட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

அரங்கச்செல்வி கேட்டதற்குப் பதில்: கேப் ஃப்ளாட்ஸ் நடிகை மோலாக நிற்பது நல்ல யோசனை. அவள் நிற்கட்டும், பாடட்டும். ஊளையை மட்டும் அவளிடம் கொடுக்காதீர்கள். அவள் குடும்பத்தின் துக்கத்தை அவள் தொண்டையிலிருந்தே பிடுங்கிக் காட்டுவது கொடுமை. துரத்தப்பட்டவர் பிள்ளையே துரத்தப்பட்ட நாயாகவும் கத்த வேண்டுமா? அவள் வாய் மூடி நிற்க, பியானோ வாசிக்கட்டும். அந்த மௌனத்துக்கு உள்ள கனம் உங்கள் கத்தலுக்கு வராது.

சாக்ஸபோன் விஷயத்துக்கும் சொல்கிறேன். 1959-இல் 'கிங் காங்' என்ற இசை நாடகம் ஜோஹன்னஸ்பர்க்கில் மேடையேறியது. அதற்கு இசை அமைத்த டாட் மாட்ஷிகிஸா எந்த வாத்தியக்காரர்? பியானோ. நீங்கள் ட்ரம்பெட்டை எண்ணுங்கள், நான் பியானோவை எண்ணுகிறேன்.

வரிப்பூனை

'கிங் காங்' கபரேயா? டேவிட் க்ரேமரும் தாலிப் பீட்டர்சனும் 1987-இல் போட்ட 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' கபரேயா? எல்லாம் இசை நாடகம். வேறு வகை. ஒன்றுக்கு ஒன்றைச் சாட்சி கொண்டு வருகிறீர்கள்.

நாவலைப் பாட்டோடு மேடையேற்ற முடியும் என்பதற்கு நல்ல சாட்சி எல்சா ஜூபேரின் 'பாப்பி நொங்கெனா'. 1978-இல் வந்த நாவல். மேடையில் பாடல்களோடு வந்தது, நியூயார்க் வரை போனது. ஆனால் அதில் பாட்டு எங்கே வருகிறது என்று பாருங்கள். சர்ச்சில், சாவு வீட்டில், ஜனங்கள் வாழ்க்கையில் நிஜமாகப் பாடுகிற இடங்களில் வருகிறது. பெனாடே வீட்டில் பாட வேண்டிய இடம் எது? அவர்கள் குடிக்கிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறார்கள். அந்த வீட்டில் பாடுகிற ஒரே ஜீவன் நாய்தான்.

அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன். நாய் ஊளை வாசகருக்கு மட்டும் கேட்க வேண்டியது. மேசைமலை ஆங்கிலப் பதிப்பில்தான் படித்திருப்பார் என்று நினைக்கிறேன். லியோன் டி காக் 1999-இல் செய்தது. அதிலும் தென்னாப்பிரிக்காவுக்கு ஒன்று, லண்டனுக்கு ஒன்று என்று இரண்டு பதிப்புகள். எதைப் படித்தீர்கள்?

மேசைமலை

நான் ஆப்பிரிக்கான்ஸிலேயே படித்தேன். கேப் டவுனில் வேலைக்கு வந்து, மொழி கற்றுக்கொண்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். எந்தப் பதிப்பு என்ற கேள்வியை உங்கள் அலமாரியைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மட்டறுத்துநர்

யார் எந்த மொழியில் படித்தார் என்ற பேச்சு போதும். நாவலைக் கபரே ஆக்குவது பற்றி மட்டும் எழுதவும். அடுத்த தனிப்பட்ட வரி நீக்கப்படும்.

மேசைமலை

சரி. கபரே ஆக்குவது பற்றியே எழுதுகிறேன். சோம்பேறி வேலை என்று சொன்னவர் கவனமாகப் படிக்கட்டும்.

முதலில் யாரை நடத்துநராக வைப்பது? ட்ரெப்பி. வேறு பேச்சே இல்லை. நாவலில் அவன் நாக்குதான் அந்த வீட்டை ஆள்கிறது. எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு எதுகை, ஒரு குத்தல். உண்மையெல்லாம் தெரிந்தவன், யாரையும் நிம்மதியாக விடாதவன். நாவலாசிரியரே ஒரு கபரே நடத்துநரை எழுதி வைத்திருக்கிறார், நாம் மைக்கை மட்டும் கையில் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, காலம். நாவல் தேர்தலை நோக்கி நகர்கிறது. தேர்தலை ஒட்டி லாம்பர்ட்டின் நாற்பதாவது பிறந்தநாள். அதற்கு ஒரு பெண்ணைக் கூட்டி வருவதாக ட்ரெப்பி வாக்குக் கொடுத்திருக்கிறான். இரண்டு தேதிகளும் மேடையில் ஒன்றை ஒன்று துரத்த வேண்டும். நாட்டின் பெரிய நாளும் ஒரு நோயாளி மகனின் சின்ன நாளும். பழைய பரம்பரைக் கதையில் பாதியை வெட்டிவிடலாம். கிராமத்து நிலம் போய் நகரத்துக்கு வந்தது, ரயில்வே வேலை, தையல் ஃபேக்டரி, இதெல்லாம் ஒரே பாட்டில் அடங்கும்.

மூன்றாவது, வெளியாட்கள். இனப்பிரிவினை ஆட்சி நடத்திய, இப்போது ஓட்டுக் கேட்டு வரும் நேஷனல் கட்சிக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை வரும் யெகோவாவின் சாட்சிகள். இவர்களை ஒரே இரண்டு பேர் தொப்பி மாற்றிச் செய்தால் போதும். கட்சிப் பிரசாரத்தையும் வேதப் பிரசாரத்தையும் ஒரே மெட்டில் வைக்க வேண்டும். அந்த ஊரில் அது யாருக்கும் விளக்காமலே புரியும்.

நான்காவது, குழி. தேர்தலுக்குப் பிறகு கலவரம் வந்தால் வடக்கே ஓடிவிடலாம் என்று பெட்ரோல் சேர்த்து வைக்கத்தான் லாம்பர்ட் அதைத் தோண்டுகிறான். மேடையில் குழி காட்ட வேண்டாம். பியானோவின் மூடியைத் திறந்து அதற்குள் கையை விட்டுச் செங்கல்லையும் பாட்டிலையும் எடுக்கட்டும். பியானோதான் குழி. சோஃபியாடவுன் அதற்குள்தான் இருக்கிறது. ஊளையும் அதற்குள்ளிருந்துதான் வர வேண்டும். இதற்கு மேல் நான் என்ன சொல்ல? ஒரே பொருள் குழியாகவும் நாயாகவும் இடிந்த ஊராகவும் ஆகிறது. நடிகை ஒருத்தி மூலையில் நின்று கத்தினால் இந்த மூன்றும் சேராது.

மோல் பற்றி. அவளுக்கு நடக்கும் கொடுமையைப் பாட்டாக்கக் கூடாது என்பதில் நான் அரங்கச்செல்வியைவிடக் கறாரானவன். அவளுக்கு ஒரு பாட்டுதான். கெர்ட்டி செத்த பிறகு, புதைத்த இடத்தில் நின்று பாடுவது. வீட்டில் யாருக்கும் இல்லாத மரியாதையை அவள் அந்த நாய்க்குக் கொடுக்கிறாள். மற்ற நேரமெல்லாம் அவள் பேசுகிறாள், பாடுவதில்லை.

அரங்கச்செல்வி

அந்த ஒரே பாட்டை அவள் யாருக்காகப் பாடுகிறாள்? நாய்க்காக. அவளோடு பேசாமல் படுத்துக் கிடந்த ஒரே துணை அது. பாட்டு முடிந்ததும் அவள் என்ன செய்வாள்? வாய் மூடி நின்று உங்கள் பியானோவைக் கேட்பாளா? அந்த இடத்தில் ஊளை அவளிடமிருந்து வராவிட்டால் அவள் உள்ளே இறந்துபோனவள் என்று அர்த்தம்.

பியானோதான் குழி என்பது பார்க்க அழகாக இருக்கும், ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் அழகாக இருக்கும். அதுதான் சிக்கலே. இந்த நாவலில் அழகாக எதுவும் இல்லை. நீங்கள் அதைச் சுத்தம் செய்து, மேல்சட்டை போட்டு, கேப் டவுனின் நிக்கோ மலான் அரங்கில் உட்கார வைக்கிறீர்கள். 1971-இல் திறந்து 1975 வரை வெள்ளையரை மட்டும் உள்ளே விட்ட அரங்கு அது. அங்கே போய் வாசியுங்கள் உங்கள் பியானோவை.

ட்ரெப்பியை நடத்துநராக வைத்தால் அவன் சொல்வதுதான் கதை என்றாகிவிடும். அந்த வீட்டில் அவள்மேல் கை வைத்தவர்களில் ஒருவன் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு, அவளுக்கு ஒரே ஒரு பாட்டு. இதைக் கறார் என்று வேறு சொல்லிக்கொள்கிறீர்கள்.

மேசைமலை

மைக் அவன் கையில் இருப்பதுதான் குற்றச்சாட்டே! அவன் சிரிக்க வைக்கிறான், நாம் சிரிக்கிறோம், அப்புறம் யாரோடு சேர்ந்து சிரித்தோம் என்று தெரிகிறது. அந்தத் தெரிதலைத் தருவது எது? இடது கையில் ஓடுகிற ஊளை. இதை நான் எத்தனை தடவை எழுதுவது?

அரங்கு பற்றி: நான் நிக்கோ மலான் என்று எங்குமே எழுதவில்லை. அவுட்ஸ்ஹூர்ன் என்று எழுதினேன். அங்கே விழா நாட்களில் பள்ளிக்கூட ஹாலிலும் மேடை போடுகிறார்கள்.

திருச்சி_டர்பன்

பள்ளிக்கூட ஹாலில் ஆப்பிரிக்கான்ஸ். என் மனைவியிடம் சொல்கிறேன், சந்தோஷப்படுவாள்.

புதுவரவு_செந்தூரான்

வணக்கம், நான் இங்கே புதிது. பியானோ, தொண்டை என்று இரண்டே வழியா? போயர் ஜனங்களின், அதாவது ஆப்பிரிக்கான்ஸ் பேசும் வெள்ளையரின், நாட்டுப்புற இசையில் கான்செர்டினா உண்டே. கையால் இழுத்து வாசிக்கிற சின்னப் பெட்டி. அதில் துருத்தி இருப்பதால் மூச்சு இருக்கிறது, அரங்கச்செல்வி அம்மா கேட்பது கிடைக்கும். வாத்தியமாகவும் இருக்கிறது, மேசைமலை ஐயா கேட்பதும் கிடைக்கும். ஊளை மாதிரி இழுக்கவும் வரும்.

மேசைமலை

செந்தூரான் தம்பி, கான்செர்டினா யாருடைய வாத்தியம் என்று யோசித்தீர்களா? துரத்தியவர்களின் வாத்தியம். மாட்டு வண்டி, புனிதப் பயணம், இன மேன்மை என்று நேஷனல் கட்சி ஊட்டி வளர்த்த கனவோடு ஒட்டிக்கொண்ட சத்தம். அதில் சோஃபியாடவுன் நாய் ஊளையிட்டால் திருடியவனே பறிகொடுத்தவனுக்காக அழுவது மாதிரி இருக்கும். தேர்தல் பிரசாரப் பாட்டுக்குக் கான்செர்டினா வையுங்கள், நானே கைதட்டுகிறேன். ஊளைக்குப் பியானோ. மராபிச் சுழற்சி. இடது கை.

இரண்டு பேருக்கும் கிடைக்கும் என்று நடுவில் பங்கு போடுகிற வேலை நாடகத்தில் செல்லாது.

புதுவரவு_செந்தூரான்

ஐயா, கான்செர்டினாவை ஜூலு இசைக்காரர்களும் வாசிக்கிறார்களே? மஸ்கண்டா இசையில் அது உண்டு.

ஒலிக்கூடம்_கோவை

அதைப் பதிவு செய்து பின்னாலிருந்து விடலாம்.

மேசைமலை

மஸ்கண்டா நேட்டால் பக்கத்து இசை. சோஃபியாடவுன் ஜோஹன்னஸ்பர்க். கதை நடக்கிற இடத்தை விட்டு ஏன் ஓடுகிறீர்கள்?

அரங்கச்செல்வி

நேட்டாலிலிருந்து சுரங்க வேலைக்கு ஜோஹன்னஸ்பர்க் போனவர்கள் கான்செர்டினாவைக் கையோடுதான் கொண்டு போனார்கள். புதிதாக வந்த பையனை அதட்டுவதற்கு முன்னால் அதையும் யோசித்திருக்கலாம். செந்தூரான், நீங்கள் எழுதுங்கள், இவருக்காக நிறுத்த வேண்டாம். ஆனால் கெர்ட்டியின் புதைகுழிக் காட்சியில் கான்செர்டினாவும் வேண்டாம். அங்கே மோல் மட்டும்தான். வாத்தியம் ஒன்றும் கிடையாது.

மேசைமலை

வாத்தியமே இல்லையென்றால் அது கபரே இல்லை.

அரங்கச்செல்வி

இல்லாமல் போகட்டும்.